அலமாரி விளக்கும் திங்கட்கிழமைப் பதிலும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே எங்கள் பொழுது போகிறது. அப்பா, சின்னவள், நான் மூன்று பேரும் சௌக்கியம், என்னுடைய வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர. கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகுமாம், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். நான் வாய்க்கு வந்தபடி பேசுவதை எல்லாம் ஒழுங்கான தமிழாக்கி எழுதுகிறாள், ஒன்பதாவதோடு நின்றவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள், எழுது என்றேன். போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போன் வந்தால் உன் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து நடுவில் வைத்துவிடுகிறார், நான் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லாமலே விட்டுவிடுகிறேன். இதைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாள். திங்கட்கிழமை காலைக்குள் எனக்கு உன் பதில் வேண்டும். சமையலறையில் விளக்குப் போடக் கடையிலிருந்து வந்த ஒரு பெண்மணி சின்னவளைத் தன்னோடு வேலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கிறாள். அனுப்புவதா வேண்டாமா என்று நாலு நாளாக எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இப்போதுகூட நடந்துகொண்டேதான் சொல்கிறேன், உட்கார்ந்து சொல்லும்மா என்று இவள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் சமையலறையில் விளக்கு கூரையின் நடுவில் இருக்கிறது, உனக்குத் தெரியும். மேடைக்கு முன்னால் போய் நின்றால் வெளிச்சம் முதுகில் விழும், என் நிழல் நறுக்குகிற பலகையில் விழும். இத்தனை வருஷம் என் நிழலில்தான் வெங்காயம் நறுக்கியிருக்கிறேன். அன்றைக்குப் பகல்தான், ஆனால் வானம் மூடிக்கிடந்தது. மேல் அலமாரியின் மூலையில் சர்க்கரை டப்பா கண்ணுக்குத் தெரியவில்லை. முக்காலியில் ஏறிக் கையை உள்ளே விட்டுத் துழாவினேன், டப்பா கிடைத்தது, முக்காலி போய்விட்டது. அப்பா வந்து பார்த்துவிட்டு, சர்க்கரை கொட்டவில்லையே என்றுதான் முதலில் கேட்டார். பயத்தில் அப்படித்தான் பேசுவார், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. அப்புறம்தான் நீ போனில், அலமாரிக்கு அடியிலும் உள்ளேயும் பதித்து வைக்கிற விளக்குப் போடுங்கள், இனி ஏற வேண்டாம் என்றாய். நீ சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டிக் கேட்டோம். இவள் மட்டும் அன்று சாயங்காலமே என்னை மேடைக்கு முன்னால் நிற்க வைத்து, போன் டார்ச்சை அலமாரிக்கு அடியில் ஒரு தடவை சுவர் ஓரமாகவும் ஒரு தடவை முன் விளிம்பு ஓரமாகவும் பிடித்துப் பார்த்தாள். சுவர் ஓரம் பிடித்தால் சுவர்தான் பளிச்சென்று இருந்தது, முன் விளிம்பில் பிடித்தால் பலகையில் வெளிச்சம் விழுந்தது. அளவு டேப்பை எடுத்து அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

இனிமேல்தான் கூத்து. என்ன நிறத்தில் விளக்கு என்று கடையில் கேட்பார்கள் இல்லையா. உன் அப்பாவுக்கு அச்சகத்தில் நிறம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், வெள்ளை வெளிச்சத்தில்தான் எந்த நிறமும் பொய் சொல்லாது என்பார். எனக்கு வெள்ளை வெளிச்சம் என்றால் ஆஸ்பத்திரியில் கிடந்த நாள்தான் ஞாபகம் வரும், மஞ்சள்தான் வேண்டும். அவர் என்னிடம் நேராகச் சொல்லவில்லை, வெள்ளை என்று உங்கம்மாகிட்ட சொல்லிடு என்று இவளிடம் சொன்னார். நானும் அவரிடம் சொல்லவில்லை, மஞ்சள் என்று உங்கப்பாகிட்ட சொல்லிடு என்று இவளிடம் சொன்னேன். நம் வீட்டில் எப்போதும் இப்படித்தானே. இவள் இரண்டு பேருக்கும் தலையாட்டினாள். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கடையில் கொடுத்த படிவத்தில் அடுப்பு இருக்கிற பக்கம் மஞ்சள், நறுக்குகிற பக்கம் வெள்ளை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கடையில் இருந்து வந்த இரண்டு பையன்களும் எழுதினதை எழுதினபடி மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் பார்க்கணுமே, ஒரு கன்னத்தில் மட்டும் மஞ்சள் பூசிக்கொண்ட முகம் மாதிரி சமையலறை எங்களைப் பார்த்தது. யார் கொடுத்த யோசனை இது என்று உங்கம்மாகிட்ட கேளு என்றார் அப்பா. உங்கப்பாகிட்டயே கேளு என்றேன் நான். இவள் பாத்திரம் துடைக்கிற துணியை மடித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

அதோடு போயிற்றா, இல்லை. நறுக்குகிற பக்கம் நீளமாக இருக்கிறது அல்லவா, அதில் ஒரு முனை பளிச்சென்றும் மறு முனை அழுது வடிந்தும் எரிந்தது. மேடைக் கல் பளபளப்பானது, அதில் ஒவ்வொரு விளக்குப் பொட்டும் எறும்பு ஊர்வது மாதிரி வரிசையாகத் தெரிந்து கண்ணைக் கூச வைத்தது. அந்தப் பொட்டுகள் ஒட்டின நாடாவுக்கு ஸ்ட்ரிப் என்று பெயராம்; கடைக்குப் போன் செய்தால், ஸ்ட்ரிப்பே பழுது, வேறு ஸ்ட்ரிப் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? நான் மத்தியானம் கண் அசந்த நேரத்தில் மெயினை அணைத்துவிட்டு, அந்த ஸ்ட்ரிப்பை அலுமினியச் சட்டத்திலிருந்து உருவி மேடையில் நீட்டி வைத்து, கரண்ட் கொடுக்கிற சின்னப் பெட்டியை இந்த முனையிலிருந்து கழற்றி அந்த முனையில் மாட்டிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெட்டிக்கு டிரைவர் என்று பெயராம், வண்டி ஓட்டாத டிரைவர் என்று அப்பா சிரிக்கிறார். மாற்றி மாட்டி மறுபடி மெயினைப் போட்டதும் பளிச்சென்று இருந்த முனை மங்கி, மங்கின முனை பளிச்சென்று ஆகிவிட்டது. நான் எழுந்து வந்து பார்த்தபோது ஒயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. கத்தினேன். ஸ்ட்ரிப் நல்லாத்தான் இருக்கு, தூரம் போனா வெளிச்சம் களைச்சுப் போகுது என்றாள். ஒரு மாசத்தில் அவள் சேர்ந்தாற்போலப் பேசின பெரிய பேச்சு அதுதான்.

மறுநாள் கடையிலிருந்து விளக்கு வேலைக்குத் தலைவியாக இருக்கிற அம்மாவே வந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஸ்கூட்டரில் பக்கவாட்டில் மடக்கு ஏணியைக் கட்டிக்கொண்டு வருகிறாள், அப்பா ஏணியம்மா என்று பெயர் வைத்துவிட்டார். ஸ்ட்ரிப் பழுது என்று அவள் ஆரம்பித்ததும் இவள் தாளை நீட்டினாள். சமையலறை மொத்தமும் அதில் கோடு போட்டு வரைந்திருக்கிறாள், எத்தனை அடிக்கு அப்புறம் வெளிச்சம் மங்குகிறது என்று குறித்திருக்கிறாள், இரண்டு முனையிலும் கரண்ட் கொடுக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறாள். எறும்பு வரிசை தெரியாமலிருக்கச் சட்டத்தின் மேல் பால் நிற மூடி. நிறத்துக்கு, கடையில் பார்த்த மூன்றாவது மாதிரி என்று எழுதியிருந்தாள். ஏணியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தாள். அப்புறம் கடைக்குப் போன் செய்தாள், அந்த மூன்றாவது மாதிரி மட்டும் கையிருப்பில் இருந்ததாம், பையனிடம் கொடுத்தனுப்பச் சொல்லித் தாளில் இருந்தபடியே செய்தாள், இவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள், ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அந்த மூன்றாவது மாதிரி வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருக்கிற நிறமாம். சாயங்காலம் அப்பா வந்து பார்த்துவிட்டு, நான் சொன்ன வெள்ளையைப் போட்டதும் எப்படி இருக்கு பார்த்தியா என்று இவளிடம் சொன்னார். நான் மஞ்சள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஏணியம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்பாவிடம் நீ உளறிவிடாதே, மனிதர் சந்தோஷமாக இருக்கிறார்.

இதோ வருகிறேன், குழாய் சொட்டுகிற சத்தம். எங்கே விட்டேன். ஆமாம், போகிறபோது ஏணியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பொண்ண என்கூட அனுப்புறீங்களா? என் பசங்க ரெண்டு வருஷமா மாட்டுறானுங்க, ஒருத்தன்கூட மாட்டின விளக்க ஒரு தடவை திரும்பிப் பார்த்ததில்ல" என்றாள். ஆறு மாதம் கூட இருந்து பழக வேண்டும், அப்புறம் ஒயரிங் பயிற்சியில் சேர்த்துவிடுவாளாம், அங்கே படிப்பைக் கேட்க மாட்டார்கள், கை வேலையைத்தான் பார்ப்பார்களாம். வீடுகளுக்குள் போய்ச் செய்கிற வேலை, பெண்பிள்ளை கூட வந்தால் வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி என்கிறாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நம் தெரு வழியாகப் போவாளாம், அதற்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் நான் இன்னும் மூச்சு விடவில்லை. கரண்ட், ஏணி, தெரியாதவர்கள் வீடு, மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் மனிதர் தாங்குவாரா? எனக்கே தாங்கவில்லை. இவள் பக்கத்து வீட்டில் போய் ஒரு எலுமிச்சம்பழம் கேட்கக் கூச்சப்படுகிறவள். கரண்ட் அடித்தால்கூட வாய் திறந்து கத்த மாட்டாளே, யாருக்குத் தெரியும்? இந்தக் கட்டு பிரிகிற வரைக்கும் எனக்குத் தலை வாரிவிடக்கூட இவள்தான். போகட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது, ஐயோ வேண்டாம் என்று மறு நிமிஷம் தோன்றுகிறது. வாசல் வரைக்கும் போகிறேன், திரும்பி வருகிறேன்.

இன்னொன்று இருக்கிறது, அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஒரே ஒரு மாசம் என்றுதான் இவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். மாசம் முடிந்தது, எனக்கு வீட்டில் ஒரு ஆள் இருப்பது பழகிவிட்டது. அவளுடைய வகுப்பு டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கேட்டாள். இரண்டாவது தடவை வந்தபோது, அவளுக்கே படிக்க இஷ்டமில்லை டீச்சர், நாங்க என்ன செய்யறது என்று நான் சொல்லிவிட்டேன். இவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். நின்றது எனக்குத் தெரியும். உன்னிடமும் அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன், நீங்களும் நம்பிவிட்டீர்கள். அது பொய். இவள் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுது, அண்ணனுக்குத் தெரியட்டும் என்றேன். மறுபடி பேனாவை எடுத்து எழுதினாள், இந்த இடத்தில் எழுத்து அழுத்தமாக இருந்தால் அதனால்தான். இப்போதும் என் கைக்கு ஆள் வேண்டும் என்று இவளை நிறுத்திவிட்டு, அவளுக்கே இஷ்டமில்லை என்று ஏணியம்மாவிடமும் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது. இவளைக் கேட்டால் தரையைப் பார்க்கிறாள். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நீ சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இருமல் இருந்தால் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. நீயும் நீ செய்கிற வேலையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், நூறு வயசு நன்றாக இரு. திங்கட்கிழமை காலை ஏழு மணி, மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

அண்ணா, இது நான். அம்மா சொல்லாமல் நானே எழுதுவது. அனுப்புவதற்கு முன்னால் அம்மா கடிதத்தை ஒரு தடவை படித்துப் பார்ப்பாள், அதனால் இது அவளுக்கும்தான். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நான் நின்றது உண்மை. வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், டீச்சர் செருப்பு மாட்டுகிற வரைக்கும் நேரம் இருந்தது. சொல்லவில்லை. அதை அம்மா மேல் மட்டும் போட முடியாது. ஏணியம்மா கிளம்பின அன்று ஸ்க்ரூடிரைவரை மேடையிலேயே விட்டுவிட்டாள், அதைக் கொடுக்கத் தெருமுனை வரைக்கும் ஓடினேன். "நான் வர்றேன்கா" என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அவள் வருவது பதில் கேட்க இல்லை. அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுத்தான் கிளம்புவேன், ஆறு மணிக்கே எழுந்துவிடுவேன்.

பெரியவனே, படித்தேன். இடது கை, கோணலாகத்தான் வரும். நீ பதில் அனுப்ப வேண்டாம். சின்னவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, போய் வா என்று நானே சொல்லிவிட்டேன். அப்பாவிடம் மட்டும் நீ சொல்லிவிடு.