அந்தத் தீர்மானத்தை வாசிக்காதே

ரமல்லா
அக்டோபர் 27, திங்கள்

அன்பு மகள் லமீஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் சளி விட்டதா, மருமகன் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை, ஏதோ நடமாடுகிறோம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, போதாக்குறைக்குச் சோதனைச் சாவடியில் மூன்று மணி நேரம் காரிலேயே கிடந்துவிட்டு வந்து என்மேல் எரிந்து விழுகிறார். அந்தச் சாவுக்குப் பிறகு பயந்துகொண்டு யாரும் தோப்புக்குப் போகவில்லை, ஆலிவ் காய் மரத்திலேயே கறுத்துக் கொட்டுகிறது, உனக்குப் புது எண்ணெய் அனுப்ப வழியில்லை, கடையில் வாங்கிக்கொள், மலிவாக இருக்கிறதே என்று கண்டதையும் வாங்காதே.

விஷயத்துக்கு வருகிறேன், போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் ஜோர்டானில் அம்மான் நகரம் வழியாக அங்கே வரும் நாதிராச் சித்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். அபு ரஜாயின் மகன் ரஜாய் ஆலிவ் பறிக்கப் போன இடத்தில் இஸ்ரேலியக் குடியேறிகள் சுட்டு இறந்தது உனக்குத் தெரியும். அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் நம் குவேக்கர் சபை கூடியது, பதினோரு பேர்தான். வெளிநாட்டுச் சபைகளுக்கு ஒரு தீர்மானம் எழுத வேண்டும் என்றார்கள், எழுத்தர் நான்தானே, எழுதினேன். எங்கள் பிள்ளையைக் கொன்றவர்களுக்கும் நாங்கள் தீங்கு நினைக்கவில்லை, எந்த ஆயுதத்தையும் ஏற்கமாட்டோம் என்று. நம்மிடம் ஓட்டுப் போடுகிற வழக்கம் ஏது, எழுதியதை வாசித்துவிட்டுக் காத்திருப்போம், யாரும் மறுக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம். வாசித்தேன், காத்திருந்தேன். அபு ரஜாய் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எழுதி, எல்லோர் பெயரும் போட்டு, உங்கள் யார்க் சபைக்கும் மற்ற சபைகளுக்கும் அன்றைக்கே அனுப்பிவிட்டேன். இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், ஒருவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா, நான்தான் தாளிலிருந்து நிமிர்ந்து பார்க்கவேயில்லை மகளே, நல்ல வாக்கியம் எழுதிவிட்டோம் என்ற கர்வம்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். துக்க வீட்டுக் கசப்புக் காப்பியை அவரே ஊற்றிக் கொடுத்தார். "ஏம்மா சுஆத், நான் சரின்னா சொன்னேன்? தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன், வாயத் தெறந்தா அங்கயே அலறியிருப்பேன், அதப்போய் சம்மதம்னு எழுதிட்டியே" என்றார். "அபு ரஜாய், ரஜாயோட அப்பான்னு என் பையன் பேரச் சொல்லித்தான் ஊரே என்னக் கூப்பிடுது, அவனுக்கும் சேத்து நீயே மன்னிச்சிட்டியா" என்றார். "துப்பாக்கியக் கையில திணிச்சாலும் தொடமாட்டேன், ஆனா தீங்கு நெனைக்கலேன்னு மட்டும் என்னச் சொல்லச் சொல்லாத" என்றும் சொன்னார். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நேற்று ஆராதனைக்கு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் இருப்பவர் கையைக் குலுக்கித்தானே நம் ஆராதனையை முடிப்போம், மணி ஆனதும் வழக்கம்போல் கை நீட்டினேன். பார்த்தார், கை கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி வேறொருவர் கையைக் குலுக்கி முடித்திருக்கலாம், எனக்கு மனம் வரவில்லை, எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணிக்குச் சாவடியை மூடிவிடுவார்கள் என்று வெளியூரிலிருந்து வருகிற ஜிரிஸ் எழுந்தார், பிறகு ஒவ்வொருவராக விடைபெறாமலே போனார்கள். "இன்னும் முடிக்கலையேடி" என்று உன் அப்பா வாசலில் முணுமுணுத்தார்.

வருகிற ஞாயிறு உங்கள் சபையில் அதை நீதான் வாசிக்கப் போகிறாய் என்று பெருமையாக எழுதியிருந்தாய். வாசிக்காதே. பூசி மெழுகவும் வேண்டாம், என் அம்மா தவறு செய்துவிட்டாள், அந்த மனிதர் சொல்லாததை அவர் பெயரில் எழுதிவிட்டாள் என்று எழுந்து நின்று சொல். அவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். மற்றச் சபைகளுக்கு நானே எழுதுகிறேன்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவருடைய ஒளி உங்கள் இருவர் மேலும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. அபு ரஜாய் வீட்டிலிருந்து வந்தபிறகு தீங்கு நினைக்கவில்லை என்கிற அந்த வாக்கியத்தை என் பெயரை மட்டும் போட்டுத் தனியாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், லமீஸ். எனக்கும் வரவில்லை.

உன் அம்மா,
சுஆத்