பெயர்கள் ஓடி முடியும்வரை

மேற்குத் தாம்பரம்
14.6.98

அன்பு மகள் ஹில்டாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், முழங்காலைத் தவிர என்று சேர்த்து எழுதும்படி அம்மா சொல்கிறாள். ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் போடுவதாக எழுதியிருந்தாய். அந்த ஜெர்மனிக் குளிரில் நீ சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் தினசரி ஜெபத்தில் இருக்கிறது.

சென்ற ஞாயிறு மாலை நம் தேன்மொழி நகர் நலச்சங்கம் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டி, நீண்ட விவாதத்துக்குப் பின், சங்கத்தின் கம்ப்யூட்டருக்கு இனிப் பூப்போட்ட உறையே போடப்படும், கோடு போட்டது போடப்படாது என்று தீர்மானித்தது. நகரின் வரலாற்றில் இது ஒரு திருப்பம் என்றார் தலைவர் பொன்னுசாமி. நான் மறுக்கவில்லை, நம் நகருக்கு வேறு வரலாறு கிடையாது. எதிர்த்து ஓட்டுப் போட்டது கோடு போட்ட உறையைத் தைத்துக் கொடுத்த முத்தாலம்மாள் ஒருவர்தான். பூப்போட்டதைத் தைத்தவர் ஞானம்மாள். இந்த இருவர் பெயரும் இப்போது உன் புரோகிராமில் இருக்கின்றன. எப்படி என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்கிற விஷயமில்லை.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கிணறுகள் வற்றியபின் நமக்கும் பக்கத்து மல்லிகை நகருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர் லாரி வண்டலூர் பக்கத்திலிருந்து வருகிறது. மாலை ஆறு மணிக்கு நம்மிடம், ஏழு மணிக்கு அவர்களிடம். எந்த வீட்டுக்கு முதலில் என்று நடந்த சண்டைகளைத் தீர்க்க, தினம் ஒரு வரிசையைச் சொல்லும் புரோகிராமை எழுதி நீ ஃப்ளாப்பியில் அனுப்பினாய். எழுதியவள் வீட்டுக்குச் சலுகை என்று யாரும் சொல்லக் கூடாதே என்று, நம் வீட்டை மட்டும் என்றைக்கும் கடைசியில் வை என்று போனில் சொன்னவன் நான்தான். அம்மா இன்னும் அதை மன்னிக்கவில்லை, ஆனால் என்னையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரத்தினம், தன் கம்பெனி வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சங்க அறையில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அறையில் தரை கிடையாது, மண்தான், இருந்தாலும் அதுதான் முறை என்கிறார்கள்.

ஃப்ளாப்பியோடு நீ வைத்திருந்த லைசென்ஸைத் தமிழாக்கிப் பொதுக்குழுவில் படித்தேன். லைசென்ஸ் என்றால் நம் ஜனங்களுக்கு, ஒன்றைச் செய்யக் கூடாது என்பதற்காக ஏதோ ஓர் ஆபீஸ் கொடுக்கிற காகிதம். சைக்கிளுக்கும் ரேடியோவுக்கும் லைசென்ஸ் எடுத்து வாழ்ந்தவர்கள். யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம், பிரதி எடுக்கலாம், உள்ளே திறந்து மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுத்தால் திறந்தபடியே கொடுக்க வேண்டும் என்று நான் படிக்கப் படிக்க, "சீல் எங்க சார்" என்று செயலாளர் கோபு கேட்டார். சீல் இல்லை என்றேன். "அப்ப இது செல்லுமா" என்றார். எந்த உத்தரவாதமும் கிடையாது, எழுதியவர் எதற்கும் பொறுப்பல்ல என்ற பத்தி வந்ததும் பொன்னுசாமி முகம் சுருங்கியது. "என்ன சார் இது, பொண்ணையும் குடுத்துட்டு, நாங்க எதுக்கும் பொறுப்பில்லன்னு கல்யாணப் பத்திரிகையிலயே போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

நான் ரயில்வேக்காரனுக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னேன். கம்பெனியில் விலை கொடுத்து வாங்கும் புரோகிராம் குவார்ட்டர்ஸ் மாதிரி, குடியிருக்கலாம், சுவரில் ஆணி அடிக்க மனுப் போட வேண்டும், பதில் வருவதற்குள் ரிடையர் ஆகிவிடுவோம். ஹில்டா கொடுத்திருப்பது சொந்த வீடு மாதிரி, சுவரையே இடிக்கலாம், ஒழுகினால் நாமேதான் கூரையில் ஏற வேண்டும். சபை இதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. "சும்மா குடுக்கற பொருளுக்கு இவ்ளோ பேச்சா சார்" என்று கோபு முடித்துவைத்தார். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் கம்பெனிக்காரர்களின் புரோகிராம்களை எல்லாம் ஒரே சி.டி. தட்டில் பிரதி போட்டு விற்கிறார்கள், பிரதி எடுப்பது குற்றம் என்று அட்டையில் இருந்த வாசகத்தையும் சேர்த்தே பிரதி எடுத்திருக்கிறார்கள். அதை வாங்கிவந்த யாரும் அது செல்லுமா என்று கேட்டதில்லை. பூட்டிவைத்ததை எடுத்துவந்தால் மதிப்பாக இருக்கிறது, திறந்து கொடுத்தால் சந்தேகமாக இருக்கிறது. இது தாம்பரத்துக்கு மட்டும் உள்ள குணமா, அங்கேயும் உண்டா என்று எழுது.

உன் லைசென்ஸில் ஒரே ஒரு பத்திதான் சபையின் உள்ளத்தைத் தொட்டது. இதைச் செய்தவர்கள், மாற்றியவர்கள் பெயர்களை யாரும் நீக்கக் கூடாது என்ற பத்தி. அதுவரை பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. "எடுக்கவே முடியாதா சார்" என்று பொன்னுசாமி மெதுவாகக் கேட்டார். முடியாது, அதுதான் சட்டம் என்றேன். நீ ஊரைவிட்டுப் போனதில் மறந்திருக்கலாம். கோயில் டியூப்லைட்டில் உபயம் என்று எழுதி எழுதிப் பாதி வெளிச்சம் போய்விடுவதைப் பார்த்து நாம் சிரிக்கவும் முடியாது. நம் திருச்சபையில் மின்விசிறி வாங்கிக் கொடுத்த குடும்பம் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதிவைத்தது, விசிறி நின்றால்தான் படிக்க முடியும், அதனால் அவர்கள் ஆராதனைக்கு வருகிற ஞாயிறுகளில் அந்த விசிறி ஓடுவதில்லை.

ரத்தினம் வரிசையில் விட்டுப்போன ஒரு வீட்டைச் சேர்த்தார், நியாயப்படி அவர் பெயர் உன் பெயருக்குக் கீழே வந்தது. கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும் மேஜை பொன்னுசாமியுடையது, அவர் பெயர் வந்தது. கரண்ட் சங்கத்தினுடையது, ஆகவே நிர்வாகக் குழு முழுவதும் வந்தது. பிறகு உறை தைத்தவர்கள். கோபு தன் காலஞ்சென்ற தகப்பனாரை நினைவாக என்று சேர்த்தார், பாவம் அந்த மனிதர் கம்ப்யூட்டரைப் பார்த்ததே இல்லை. பெயர்களோடு பட்டங்கள், வகித்த பதவிகள், ஓய்வு என்று அடைப்புக்குறிக்குள். வேகமாக ஓடுகிறது, வீட்டில் காட்ட முடியவில்லை என்று புகார் வந்ததால் ரத்தினம் மெதுவாக்கினார், நடுவில் எதைத் தட்டினாலும் நிற்காதபடியும் செய்துவைத்தார். எல்லாப் பெயரும் ஓடி முடிந்த பிறகுதான் அன்றைய வரிசை வரும். வரிசை முன்கூட்டியே தெரிந்தால் சண்டை வரும் என்று, லாரி வாசலுக்கு வந்த பிறகுதான் ஓடவிடுவது வழக்கம். இடையில் கரண்ட் போனால் மறுபடி உன் பெயரிலிருந்து.

லாரி ஓட்டுகிற சேட்டு வரிசைச் சீட்டு கைக்கு வராமல் குழாயைத் திறக்க மாட்டார், பழைய சண்டை ஒன்றில் அவர் தலையில் குடம் பட்டிருக்கிறது. வாசலிலேயே நின்று, "இன்னா சார், இன்னும் பேரு போட்டுகினே கீறீங்க, படம் எப்ப சார் ஆரம்பிக்கும்" என்று கேட்பார். ஏழானதும் எந்த வீட்டில் இருந்தாலும், "டைம் ஆச்சு, அங்க மல்லிகை நகர்ல பேஜார் பண்ணுவாங்க" என்று குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அப்போது பாக்கி இருப்பது கடைசி வீடு. இந்த மாதம் முழுவதும் அம்மா மெயின் ரோட்டுக் கைப்பம்பிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாக வருகிறாள். நான் போகிறேன் என்றால் என் குடலிறக்கத்தை நினைவுபடுத்துகிறாள். "உங்க பொண்ணு பேரு நகர் முழுக்கத் தெரியுது, தண்ணிக்குத்தான் நம்ம வீடு தெரியல" என்றாள் நேற்று. நம் வீட்டையும் மற்ற வீடுகளோடு சுழற்சியில் சேர்க்கச் சொல்லலாம்தான், அப்போது தினம் வேறு யார் வீடாவது கடைசியாகும், அந்த வீட்டிலும் முழங்கால் இருக்கும்.

மல்லிகை நகர்காரர்கள் உன் புரோகிராமை நம்மிடம் முறையாகக் கேட்டு வாங்கிப் போனவர்கள். அவர்களில் யாரோ பெயர்கள் அனைத்தையும் ஒரு பொத்தானுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். தட்டினால் பெயர்கள் வரும், தட்டாவிட்டால் நேராக வரிசை வரும். நம்மவர்களில் ஒருவர் பெயரைக்கூட நீக்கவில்லை, உறைகள் உட்பட. மாற்றியதைத் திறந்தபடி தர வேண்டும் என்ற உன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, நான் கேட்டதும் ஃப்ளாப்பியும் குடிக்கக் காப்பியும் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து குழுவின் முன் வைத்தேன். பொன்னுசாமி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் பொத்தானை இதுவரைக்கும் யாராச்சும் தட்டியிருக்காங்களா சார்" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்தேன். யாரும் தட்டவில்லை. யோசனை கைவிடப்பட்டது.

கடைசியில் கோபு ஒரு சமரசம் சொன்னார். "மொதப் பேரு உங்க பொண்ணுதுதானே சார், அது போச்சுன்னா எங்க பேர நாங்களே எடுத்துக்கறோம். அது நிக்கற வரைக்கும் நாங்க மட்டும் ஏன் எடுக்கணும்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எழுதியவளே சம்மதித்தால் நீக்கலாம் என்றுதான் எனக்குப் புரிகிறது. ஆகவே, என் பெயரை எடுத்துவிட எனக்குச் சம்மதம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. முடிந்தால் ஒரு சீலும் வை, எந்தச் சீலானாலும் சரி, கோபுவுக்காக.

தினமும் ஆறு மணிக்குக் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் முதலில் வருவது எஸ். ஹில்டா, தேன்மொழி நகர் என்பது. ரத்தினம் மெதுவாக்கிய பிறகு நிதானமாகப் படிக்க முடிகிறது. தண்ணீர்தான் நமக்கு வருவதில்லையே, தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் எதற்கு நிற்கிறீர்கள் என்று அம்மா கேட்கிறாள். காற்றுக்கு என்று சொல்லியிருக்கிறேன், அங்கே ஒரு டேபிள் ஃபேன் இருக்கிறது. அது பெரிதில்லை. காகிதத்தை அனுப்பிவிடு.

ரொட்டியையே மூன்று வேளையும் தின்னாதே, அரிசி அங்கே விளையாவிட்டாலும் விற்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஓய்வு நேரத்தில் நீ எழுதுவதை வெளியாருக்குக் கொடுப்பது உனக்குச் சம்பளம் தரும் கம்பெனிக்குத் தெரியுமா, தெரியும் என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கி வை. கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. இனிக் கொடுக்கும்போது பெயர் பற்றிய பத்தியை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடு, என்னிடம் மொழிபெயர்க்கக் கொடுக்காதே.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அம்மா முத்தம் அனுப்பச் சொல்கிறாள், காலுறையைத் துவைத்துப் போடு என்றும் சொல்கிறாள். போன் செய்தால் இங்கே ஆறிலிருந்து ஏழுக்குள் செய்யாதே, நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
து. சுந்தர்சிங்

பி.கு. செவ்வாய் இரவு. தபால்தலை வாங்காததால் கடிதம் மேஜையிலேயே இருந்தது. நேற்றுச் சேட்டு, "தண்ணி கொண்டாறவன் பேரு இல்லாம இன்னா சார் தண்ணி லிஸ்டு" என்று கேட்டதில் நியாயம் இருப்பதாகக் குழு கருதியது. அவர் பெயர் கடைசியில் சேர்க்கப்பட்டது. இன்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தன் பெயர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். சம்சாரத்தை அழைத்து வந்திருந்ததால் இன்னொரு முறை ஓடவிடச் சொன்னார். ஏழு மணிக்கு அவசரப்படவில்லை. நம் வீட்டில் எல்லாக் குடங்களும் அண்டாவும் நிரம்பின. அந்தக் காகிதம் இப்போதைக்கு வேண்டாம். மல்லிகை நகருக்கு இன்று லாரி போகவில்லை.