கனடாப் பெட்டியும் என் வெற்றிலைப் பெட்டியும்

அனுப்புநர்:
மணிமொழி,
க/பெ. வெங்கடேசன்,
தியாகதுருகம்,
தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
காப்பாட்சியர் அவர்கள்,
மலைவளக் காட்சியகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: முள்ளம்பன்றி முள் பெட்டியால் என் குடும்பத்தில் ஏற்பட்டுள்ள இடைஞ்சல் – பரிகாரம் கோருதல்.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். தங்கள் காட்சியகத்தில் காவலராக இருக்கும் வெங்கடேசனின் மனைவி நான். இந்த மனு அவருக்குத் தெரியாமல் எழுதப்படுகிறது.

1. மலையில் மருத்துவம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கனடா தேசத்து அம்மையார் கொடுத்துச் சென்ற பெட்டியை, கல்வராயன் மலைத் தேன்குடுவைகளுக்கு நடுவில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறீர்கள். மிக்மாக் என்னும் அந்நாட்டுப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண், பூர்ச்சம் என்னும் குளிர்தேசத்து மரத்தின் பட்டையில் துளையிட்டு, முள்ளம்பன்றி முள்ளைச் செருகிச் செய்ததாம். அது வந்ததிலிருந்து என் கணவருக்கு வீட்டில் வேறு பேச்சே இல்லை. "நம்ம மலை முள்ளு தடிமன், வளையாது. அவ முள்ள வாயில ஊறவச்சிக்கினு ஒண்ணொண்ணா வளைச்சி சொருவிருக்கா. இன்னா பொறும பாரு" என்று சோற்றில் கை வைத்தபடி சொல்கிறார். அந்தச் சோற்றை ஆக்கியவள் எதிரில் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படுவதில்லை.

2. அட்டையில் 'செய்தவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இவரே அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். எழில்மதியாம்! அய்யா, எங்கள் மகள் பிறந்தபோது அந்தப் பெயரைத்தான் வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். தம் தாயார் பெயரைத்தான் வைப்பேன் என்று கொளஞ்சியம்மாள் என வைத்தார். நான் பெற்றவளுக்குக் கிடைக்காத பெயர், முகம் தெரியாத ஒருத்திக்குப் போய்விட்டது. எனக்கு வயிறு எரிகிறது. இதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

3. சென்ற மாதம் இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் வழியெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அப்போது எனக்குக் கடுமையான காய்ச்சல். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னேன். ரோட்டில் ஈ, காக்கை போக வழியில்லை என்றார். மறுநாள் காலையில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, மரம் மரமாக ஏறி இறங்கிக் காட்சியகத்துக்குப் போய்விட்டார். மழை ஒழுகிப் பெட்டி நனைந்துவிடும் என்று கவலையாம். அதே ரோடுதான் அய்யா.

4. முள்ளம்பன்றி முள் இருக்கும் வீட்டில் சண்டை ஓயாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒப்பிட்டுப் பார்க்கவென்று இவர் மலையிலிருந்து ஒரு முள் கொண்டுவந்து கூரையில் செருகினார். அதை எடுத்து அடுப்பில் போட்டேன். சண்டை நிற்கவில்லை. எங்களுக்குச் சண்டை மூட்டும் முள் தங்கள் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது என்று முடிவு செய்து, அந்தப் பெட்டியை அப்புறப்படுத்தக் கோரி ஒரு மனு எழுதி, போன வாரம் நேரில் கொண்டுவந்தேன்.

5. இவர் டீ குடிக்கப் போயிருந்தார். பெட்டியைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. கீழே, இவர் உட்காரும் முக்காலிக்கு அடியில், தூசி துடைக்கும் துணியோடு இன்னொரு பெட்டி கிடந்தது. இவர் தினமும் மடியில் கட்டிப்போகும் வெற்றிலைப் பெட்டி. பனையோலைக்குச் சாயம் ஏற்றி, விளக்கு வெளிச்சத்தில் கண் வலிக்க நான் முடைந்தது. மூடி கிழிந்தால் புதிது கேட்பார். நன்றாக இருக்கிறது என்று இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொண்டுவந்த மனுவை அங்கேயே கிழித்துவிட்டேன்.

ஆகவே அய்யா, கனடாப் பெட்டி அங்கேயே இருக்கட்டும். அவளும் யாருக்காக மெனக்கெட்டாளோ. அதன் பக்கத்தில் என் வெற்றிலைப் பெட்டியையும் கண்ணாடிக்குள் வைத்து, அந்தக் கண்ணாடியை என் கணவரே தினமும் துடைக்கும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும். அட்டையில் என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதவும். செய்தவர் பெயர் தெரியவில்லை என்று விட்டுவிட்டால், எனக்கும் இவர் வேறு பெயர் வைத்துவிடுவார்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மணிமொழி

இடம்: தியாகதுருகம்
நாள்: 12.10.1987