ஜெனிபரின் பாட்டு ஹாலுக்கு வந்தது

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கச் சிங்கவரம் கிராமத்துக்குக் கிளம்பிய பாக்கியத்துக்குத் திகைப்பு. சமையலறை ஸ்பீக்கர் தானாகப் பாடியது. அணைத்தாள், அதே பாட்டு ஹால் டிவியில் தொடர்ந்தது. மகள் ஜெனிபரின் கம்பெனி இன்றுதான் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டுச் சேவையைத் தொடங்குகிறது. வீட்டு ஸ்பீக்கரையும் டிவியையும் ஜெனிபர்தான் அதில் இணைத்திருந்தாள். அவளோ இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு அசந்து தூங்கினாள். "பாட்டு போடவா இன்ஜினியருக்குப் படிச்ச?" என்று பாக்கியம் நேற்றுக் கேட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பாக்கியம் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"ஜெனி, ஒரு எடத்துல அமுத்துனா இன்னொரு எடத்துல பாடுது. நான் எதையாவது கெடுத்துட்டனா, இல்ல இது இப்படித்தானா? ஒண்ணும் புரியல. மீன்கொழம்பு அடுப்பு மேல இருக்குது, சாப்டு."

வாசல்வரை போனவள் அங்கேயே நின்று பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"பாட்டு முடியட்டும்னு நின்னதுல பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ்ல போறேன். இதுல நீ செஞ்சது இன்னா? பாட்டா, அது ஹாலுக்கு ஓடியார்றதா? சாயங்காலம் வந்ததும் சொல்லு."