சந்தனம் பூசிய இஞ்சின்

கனகம்மாசத்திரம்
8-10-1946

தம்பி பரந்தாமனுக்கு அக்கா தேவகி எழுதிக்கொண்டது. இங்கே க்ஷேமம் ஒன்றும் இல்லை. அங்கே இருந்தால் சரி.

என் பிள்ளை, உன் மருமகன் மணவாளனை அரிசி மில்லிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சேர்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. ஆயுத பூஜைக்கு இவன்தான் ஆயில் இஞ்சினைத் துடைத்து, ஓர் இடம் விடாமல் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தான். மறுநாள் இஞ்சின் கால்மணி ஓடிற்று, நின்றது. திரும்ப ஓட்டினால் திரும்ப நின்றது. வாசலில் நெல் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. என்ன கோளாறு என்று முதலாளி கேட்க, உன் மாணவன் பாகங்களின் பெயரை வரிசையாக ஒப்பித்தானாம். வண்டிக்காரர்கள் சிரித்தார்களாம்.

கடைசியில் மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் ஜம்புலிங்கம் இஞ்சினின் எண்ணெய் டாங்கி மூடியைப் பார்த்தார். எழுத்து வாசனையே இல்லாத மனிதர். மூடியில் காற்றுப் போக ஒரு துளை உண்டாம். சந்தனம் அதை அடைத்துவிட்டது. காற்று போகாவிட்டால் எண்ணெய் இறங்காதாம். துடைப்பக் குச்சியால் குத்தினார், ஓடிற்று.

கைத்தொழில் வகுப்பு என்று மூன்று வருஷம் அவனுக்கு என்னத்தைக் கிழித்தாய்?

தேவகி

திருத்தணி
11-10-1946

அக்காவுக்கு,

கடிதம் கண்டு உடம்பெல்லாம் எரிகிறது. வகுப்பில் அவன்தான் முதல். அந்தத் துளையைக் கரும்பலகையில் வரைந்தே காட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடத்து இஞ்சின் ஜமீன்தார் கொடுத்தது. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று கமிட்டித் தலைவர் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார். மாசச் சம்பள வாத்தியார் நான் என்ன செய்ய? ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன் பிள்ளை கதை அதுதான்.

பரந்தாமன்

கனகம்மாசத்திரம்
15-10-1946

தம்பிக்கு,

கூடமா கோணல்? அந்த அறையை வருஷத்தில் ஒரே நாள், ஆயுத பூஜைக்குத் திறப்பீர்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சந்தனம் பூசச் சொல்வீர்கள். அவன் கையால் கற்றது அது ஒன்றுதான். அதைத்தான் மில்லிலும் செய்தான். ஒரு நாளாவது நீ அந்த இஞ்சினை ஓட்டியிருக்கிறாயா? உண்டு, இல்லை என்று மட்டும் எழுது.

தேவகி

திருத்தணி
22-10-1946

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை.

அதை மட்டுமல்ல, எந்த இஞ்சினையும் ஓட்டியதில்லை. புத்தகத்தில் இருந்ததை எழுதிப்போட்டேன். நேற்றுத் தலைவரிடம் சண்டை போட்டுச் சாவியை வாங்கினேன். இருபது பிள்ளைகள் எதிரே சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தோள் விட்டுப்போயிற்று. "எனக்கு ஓட்டத் தெரியாதுடா" என்றேன். ஒருவனும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜம்புலிங்கத்தை ஒருநாள் அனுப்பு. மணவாளனும் வந்தால் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். தீபாவளிக்குப் புடவை அனுப்பியிருக்கிறேன்.

பரந்தாமன்

கனகம்மாசத்திரம்
26-10-1946

தம்பிக்கு,

புடவை வந்தது. கட்டவில்லை.

மணவாளன் இப்போது ஜம்புலிங்கத்திடம் கிளீனர். உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். இத்தனை நாள் மறைத்ததை அப்போதுதான் சொன்னான். "எத்தினி நாளு படத்தையே பாத்துகினு இருக்கறது, ஒரு வாட்டி ஓட்டிக் காட்டுங்க மாமான்னு கேட்டேம்மா. எதுத்தா பேசறேன்னு உள்ளங்கையில பிரம்பால போட்டாரு. அதோட கேக்கறதயே வுட்டுட்டேன்."

தெரியாதது குற்றமில்லை, தம்பி. அதை மூடி மறைக்க என் பிள்ளையை அடித்தாயே, அதற்குத்தான் என் வயிறு எரிகிறது. மில்லில் அவன் வாய் திறந்து யாரையாவது கேட்டிருந்தால் வேலை போயிருக்காது.

வெள்ளிக்கிழமை ஜம்புலிங்கம் வருவார். மணவாளன் லாரியிலேயே இருப்பான், கூப்பிடாதே. நீ பிள்ளைகளோடு பெஞ்சியில் உட்கார். புரியாததைக் கேள். அவர் அடிக்கமாட்டார்.

தேவகி