சிவப்புக் கோட்டுக்கு மேலே அரை மணி நேரம்

வெள்ளிக்கிழமை, காலை

அன்பு மகளுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் நீ நடமாடும் வார்டெல்லாம் உன்கூடவே வரட்டும். அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம் என்று எழுதித்தான் எனக்குக் கடிதம் தொடங்கிப் பழக்கம். பேனாவைத் திறந்ததும் கை தானாக எழுதிவிடும். போன வருடம் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பில் கட்டுப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்திருந்தபோதும் அதையேதான் எழுதினேன். இந்தத் தடவை அந்த வரி இல்லை. என் கை தானாக எழுதுவதைக் கண்டால் இப்போது எனக்கே பயமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல சேதி. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அதனால் என்னைத் துரத்தும் வேகம் கூடியிருக்கிறது. அவரைக்கொடி பூ வைத்திருக்கிறது. நீ இழுத்துப் பிறக்க வைத்த கன்று இன்று தொழுவத்திலேயே அதிகம் கறக்கும் பசு. உதைப்பதிலும் அதுதான் முதலிடம். உதை வாங்குவதில் நான்.

பால் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கவிழ்த்த வாளி நாற்காலி, தீவன மூட்டை மேசை. தொலைபேசியில் சொல்லலாம்தான். அது அலுவலக அறையில் இருக்கிறது. அங்கே நான் தும்மினால் பண்ணையில் பதினான்கு குடும்பமும் சுகம் விசாரிக்கும்.

நீ போன பிறகு இங்கே ஒரு புது ஊழியம் தொடங்கினோம். பின்வேலிக்கு அப்பால் இருக்கும் செங்கல் சூளை உனக்கு நினைவிருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் இருபத்தாறு பேர். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நம் பாலைக் காய்ச்சி, கேனில் ஊற்றி, டிராக்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பாலோடு பிரசங்கம் கூடாது என்பது பண்ணையை நடத்தும் மூப்பர் ஐயா போட்ட சட்டம். "ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தா குழந்தைங்களுக்குச் செரிக்காது" என்றார். காய்ச்சும் பொறுப்பு என்னுடையது. படிப்பு ஏறாதவனுக்குப் பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளவாவது தெரியும் என்று நம்பிக் கொடுத்தார்கள்.

முதல் நாள் ஒரு பிள்ளையும் கிட்டே வரவில்லை. மதம் மாற்ற மருந்து கலந்திருக்கிறோம் என்று பேச்சு. கடைசியில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி, முன்பல் இரண்டும் இல்லாதவள், அப்பாவின் பெரிய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு தப்புத் தப்பென்று வந்து நின்றாள். "நீ முதல்ல குடி" என்றாள். குடித்தேன். மீசையில் பால் ஒட்டியது. "வெள்ளை மீசை!" என்று கத்தினாள். கூட்டம் சிரித்தது, தம்ளர்கள் நீண்டன. அன்றிலிருந்து எனக்கு அங்கே அதுதான் பட்டப்பெயர். மீசை ஏற்கனவே வெள்ளைதான், அதற்குப் பால் எதற்கு என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அவளை நான் ஓட்டைப்பல் என்று கூப்பிடுவேன். ஒவ்வொரு தடவையும் முதல் தம்ளரை நான் குடித்துக் காட்டினால்தான் அவள் வரிசையை நகர விடுவாள்.

அந்த ஓட்டைப்பல் இப்போது டவுன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மகளே.

போன சனிக்கிழமை முதல் சூளையில் ஒன்பது பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. சிலருக்கு ரத்தமும் போனது. ஏழு பேர் தேறிவிட்டார்கள். ஒருவன் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்துவிட்டு வீடு திரும்பினான். இவளுக்கு மட்டும் முகம் வீங்கி, சிறுநீர் இறங்காமல் இருக்கிறதாம். சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்னாராம். உனக்கு இதெல்லாம் புரியும். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பூட்ஸ் மட்டும் அவர்கள் வீட்டு வாசலில் இருக்கிறது.

திங்கட்கிழமை சுகாதார அதிகாரி வந்தார். சூளைக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரியிலிருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டார். பிறகு இங்கே வந்தார். பாலை எத்தனை சூட்டில், எத்தனை நேரம் காய்ச்சினேன் என்று நான் தினமும் எழுதும் நோட்டை மூப்பர் எடுத்துக் காட்டினார். தொட்டி மூடியில் சூடு காட்டும் வட்ட மீட்டர் இருக்கிறது, அதில் ஒரு முள். சிவப்புக் கோட்டுக்கு மேலே அது முழுதாக அரை மணி நேரம் நிற்க வேண்டும். அப்போதுதான் கிருமி சாகும். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இவ்ளோ ஒழுங்கா எழுதுற ஆளை நான் பார்த்ததே இல்லீங்க" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. நெஞ்சு கொஞ்சம் விரிந்தது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது அவர் விரல் போன வாரப் புதன்கிழமை வரியில் நின்றது. நானும் பார்த்தேன்.

பதினொன்று ஐம்பதிலிருந்து பன்னிரண்டு இருபது வரை என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

வெளி ஆளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. நம் பண்ணையில் பிறந்து வளர்ந்த உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும். அடித்தால் யாராக இருந்தாலும், எந்த வேலையாக இருந்தாலும், மோட்டாரையும் அடுப்பையும் நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஜெபம். அந்த நேரத்தில் இந்தப் பண்ணையில் எந்த அடுப்பும் எரியாது. அப்படியானால் என் முள் எப்படி அரை மணி நேரம் கோட்டுக்கு மேலே நின்றிருக்கும்?

நடந்தது இதுதான். வழக்கமாகப் பத்தரைக்கே காய்ச்சி முடிப்பேன். அன்று சிலிண்டர் தீர்ந்து, வேறொன்று வர நேரமாகிவிட்டது. பால் சூடேறிக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது. அணைத்தேன். கண்ணை மூடினேன். கொஞ்சம் அதிகமாகவே மூடிவிட்டேன். காலை நான்கு மணிக்கே எழுந்த உடம்பு. டிராக்டர் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். தொட்டியைத் தொட்டேன், சுட்டது. போதும் என்று கேனில் ஊற்றிக்கொண்டு ஓடினேன். முள்ளைப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்து நோட்டைத் திறந்ததும், வழக்கமான சூட்டையும் வழக்கமான அரை மணி நேரத்தையும் கை தானாக எழுதிவிட்டது. சத்தியமாக, பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே அப்போது இல்லை.

பண்ணை வீடுகளில் பாலை மறுபடி கொதிக்க வைத்துத்தான் குடிப்பார்கள். சூளைப் பிள்ளைகள் கேனிலிருந்து அப்படியே குடிக்கிறார்கள். அவர்களோடு குடித்தது நான் ஒருவன். சனிக்கிழமை முதல் எனக்கும் இரண்டு நாள் வயிறு கடமுடா என்றது. "மூணாவது தட்டு சூப்பு கேட்டு வாங்குனீங்கல்ல, அனுபவிங்க" என்றாள் உன் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். சூளைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட என் வாயில் பட்டதில்லை.

திங்கட்கிழமையே இதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. இன்று வெள்ளி. நடுவில் நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். பாலை இரண்டு தடவை காய்ச்சினேன். அடி பிடித்துப்போய், பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். வேறொன்றும் செய்யவில்லை. சாப்பாட்டு மேசையில் மூப்பர் அந்தப் பிள்ளைக்காக ஜெபித்தபோது எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன். அவ்வளவுதான் உன் அப்பாவின் வீரம்.

இன்று காலை, தொட்டியில் பாலை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, டேங்கர் லாரிக்காரர் இந்த வாசலில் வந்து நின்றார். நெற்றியில் கட்டு. நேற்று முன்தினம் சூளையில் அவர் லாரிக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள், அந்தச் சில்லு பட்டிருக்கிறது. கெட்ட தண்ணீர் கொடுத்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தது அவர்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். தண்ணீர்ப் பரிசோதனை முடிவு அடுத்த வாரம்தான் வருமாம்.

"அண்ணே, என் பிள்ளைங்க குடிக்கிற குழாய்லதாண்ணே அந்தத் தண்ணியையும் பிடிக்கிறேன். சொன்னா யாரும் கேக்கமாட்டேங்கறாங்க. அந்தப் பாப்பாவுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என்னை உயிரோட விடமாட்டேன்னு அவங்க அப்பன் சொல்லிட்டான். பொண்டாட்டியை ஊருக்கு அனுப்பிட்டேன்" என்றார். நான் ஒரு வாளியைக் கழுவினேன். ஏற்கனவே கழுவிய வாளி.

பிறகு அவர் சொன்னார்: "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

பால் காய்ச்ச வேண்டும் என்றேன். அவர் வேலியோரம் லாரிக்குள் ஏறி, கண்ணாடி இல்லாத சட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் அங்கேதான் இருக்கிறார், ஜன்னல் வழியாகத் தெரிகிறது. அவரால்தான் இன்றும் அடுப்பில் பால் ஏற்ற நேரமாகிவிட்டது. அவரால் என்று எழுதிவிட்டேன் பார், நாக்கு மட்டுமல்ல, பேனாவும் அடுத்தவன்மேல் பழி போடப் பழகிவிட்டது.

அவர் லாரிக்குப் போனதும்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். நீ நர்ஸ், உன்னிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தேன். காரணம் பால்தான் என்று தெரிந்தால் அவளுக்குச் செய்யும் வைத்தியம் மாறுமா, இல்லை தெரிந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லையா என்று கேட்க நினைத்தேன். கடிதம் உன்னிடம் வர ஐந்து நாள். பதில் வர ஐந்து நாள். பத்து நாள் தள்ளிப்போட ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன் பார்த்தாயா, ஒரு பத்துத் தலைக்கு இருக்க வேண்டிய கெட்டிக்காரத்தனம்! இந்தப் பக்கம் வரை எழுதிய பிறகுதான் எனக்கே அது புரிந்தது. அதனால் அந்தக் கேள்விகளுக்கு நீ பதில் எழுத வேண்டாம்.

பயமாக இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் அப்பா செங்கல் சுமக்கிறவர். அவர் கை என் தொடை அளவு. அடித்தால் அடிக்கட்டும், என் உடம்பில் அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. வழக்கு வரலாம். பால் ஊழியம் நின்றுபோகலாம். நம்பி ஒரு தம்ளர் வாங்கவே அவர்களுக்கு எவ்வளவு தயக்கம்! இனி நம் பண்ணை ஆள் யார் போனாலும் வேலிக்கு அப்பாலேயே நிறுத்துவார்கள். அதுவும் என் ஒருவனால். ஆனால் இவற்றையெல்லாம் விட ஒரு பயம் இருக்கிறது. அதை எழுதினால் நடந்துவிடுமோ என்று எழுதாமல் விடுகிறேன்.

போன் இருக்கும் அலுவலகத்தின் சாவி மூப்பரிடம் இருக்கிறது. அவர் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போயிருக்கிறார். பன்னிரண்டு மணி அடிக்கத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனார். மணி அடிப்பவர் அவர்தான், அடித்தால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். வந்ததும் அவரிடம் சொல்லி, அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்புறம் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, லாரிக்காரரோடு அந்த லாரியிலேயே சூளைக்குப் போக வேண்டும். இதை உனக்கு எழுதிவிட்டேன். இனிப் பின்வாங்கினால் உன் முகத்தில் விழிக்க முடியாது. அதற்காகவே எழுதினேன் என்றும் வைத்துக்கொள்.

இன்று முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிய நேரம் பதினொன்று முப்பத்தேழு. பார்த்துத்தான் எழுதினேன்.

உனக்கு அந்தக் கன்று பிறந்த நாள் நினைவிருக்கும். நீ முழங்கை வரை கையை உள்ளே விட்டுக் கன்றின் காலைப் பிடித்திருந்தாய். மணி அடித்தது. எல்லோரும் நின்றோம். நீ மட்டும் நிறுத்தவில்லை. "மணி அடிச்சது காதுல விழலையா?" என்று அத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்துக் கத்தினேன். "கன்னுக்குட்டிக்கு மணி தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு இழுத்தாய். ஒரு வாரம் உன்னோடு நான் பேசவில்லை. அடுத்த மாதம் நீ நர்ஸ் படிப்புக்குக் கிளம்பினாய். நான் பஸ் வரைக்கும் வந்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. உன் பெட்டி எவ்வளவு கனம் என்று மட்டும் குறை சொன்னேன்.

மணி அடிக்கிறது.

மூப்பர் வந்துவிட்டார். வெளியே எல்லாம் நின்றுவிட்டது. மோட்டார் நின்றது. அவரைக்கொடிப் பந்தலுக்குள் உன் அம்மா நிற்கிறாள், கையில் கூடையோடு. என் அடுப்பு மட்டும் எரிகிறது. அந்தச் சத்தம் பண்ணை முழுக்கக் கேட்கும் போலிருக்கிறது. முப்பத்தொரு வருடத்தில் இதுதான் முதல் தடவை. உன் அம்மா இந்த ஜன்னலையே பார்க்கிறாள். கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபிக்கிறாள் என்பது இத்தனை வருடம் கழித்து இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. அவள் முகத்தைப் பார்த்தால் பாதி புரிந்துகொண்டது போலிருக்கிறது.

மகளே, அப்பா உனக்குக் கொடுக்க வேண்டிய ஆசீர்வாதம் ஐந்து வருடம் பாக்கி. இப்போது வாங்கிக்கொள். உன் கையில் ஒரு உயிர் இருக்கும்போது எந்த மணி அடித்தாலும் நிறுத்தாதே. வேலையை முடி. முடித்து, கையைக் கழுவிய பிறகு, நேரம் இருந்தால் எனக்காக ஒன்று கேள். அந்தப் பிள்ளைக்கு முன்பல் இரண்டும் முளைக்க வேண்டும் என்று கேள். மெதுவாக முளைத்தால் போதும். நான் காத்திருக்கிறேன்.

பன்னிரண்டு ஏழு. முள் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது. அடுப்பை அணைக்கிறேன். ஜெபம் முடிய இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது, அதற்குள் நான் முற்றத்தைத் தாண்டி மூப்பரிடம் போய்விடுவேன்.

பார்த்து எழுதியது,
உன் அப்பா