பானையடியில் வைத்த போன்

ஆடி வெள்ளி, இரவு.

இவருக்குக் கப்பலில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று இன்டர்நெட்டை அளந்து கொடுக்கிறார்கள். நடுக்கடலில் எல்லாம் சாட்டிலைட் வழியாகத்தான் வரவேண்டும். தெரிந்திருந்தும் இன்றைக்கு அவருடைய பங்கு முழுவதையும் நான் தீர்த்துவிட்டேன்.

கோயிலில் அம்மனைக் காட்ட வீடியோ கோல் எடுத்தேன். தீபாராதனை முடிந்ததும் போனை நிறுத்த மறந்து, பொங்கல் பானையடியில், நெருப்புப் படாமல் ஒரு கல்லில் சாத்திவைத்துவிட்டேன். படைத்துவிட்டு வந்து பார்த்தால் கோல் அறுந்து கிடந்தது.

நாளைக்குச் சின்னவளின் பிறந்தநாள். அப்பா முகம் பார்த்துக் கதைப்பார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள்.

பின்னேரம், கப்பலில் அவரோடு வேலை செய்யும் ஒருவரின் போனிலிருந்து அவருடைய குரல் வந்தது.

"இஞ்சாரும், என்ரை பங்கு முடிஞ்சுது. இனி அடுத்த மாதம்தான். பிள்ளையைச் சமாளியும். கடைசியிலை அம்மனைக் காணேல்லை, உம்மடை காலும் விறகும்தான் தெரிஞ்சுது. பொங்கலுக்குச் சர்க்கரை காணாதெண்டு மச்சாள் உம்மை நக்கலடிச்சதும் கேட்டது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய கையிலும் போன் இருந்தது. பங்கு கரைவது அவருக்குத் தெரியாதா? பிள்ளையின் பிறந்தநாளும் தெரியும். ஏன் நிறுத்தவில்லை?

கப்பலில் பெரிய டிவி, வேண்டிய படமெல்லாம் இருக்கிறது என்று சொல்வார். அதை விட்டுவிட்டு என் காலையும் விறகையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

விளக்கடியில் என் மறதிக்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்காகக் கேட்க வாய் வரவில்லை.

காலையில் பிள்ளை கேட்டால், அம்மாதான் நிறுத்த மறந்துவிட்டேன் என்று சொல்வேன். அதில் பொய்யில்லை. மிச்சத்தை அவர் வந்து சொல்லட்டும்.